ஓட்ட நாய்க்குப் பச்சைக்கறி: பலமா, வினையா?

"நாய்க்குப் போய்க் கறியை வேக வைக்கணுமா டாக்டர்? அது ஓநாய் வம்சம்தானே!" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பதிலை அமெரிக்கப் பந்தய நாய்களின் கதையே சொல்லும்.

கிரேஹவுண்ட் நாய் மணிக்கு 60 கிலோ மீட்டருக்கு மேல் பாயக்கூடியது. அந்தச் சதைக்குப் புரதம் நிறைய வேண்டும். அமெரிக்கப் பந்தயக் கூடங்களில் அரைத்த மாட்டிறைச்சியைப் பச்சையாகவே போட்டு வந்தார்கள். வேக வைத்தால் பலம் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை.

சரி, அது என்ன இறைச்சி? 'நான்கு டி' என்று பெயர். செத்தது, சாகக் கிடந்தது, நோய் கண்டது, எழ முடியாமல் படுத்தது என நால்வகை மாட்டின் கறி. விலை மலிவு. மனிதர் தின்றுவிடக்கூடாது என்று கரித்தூள் கலந்து விற்பார்கள்!

1980-களில் அலபாமா மாநிலப் பந்தய நாய்களுக்குக் கால்களில் புண் வந்தது. சிலவற்றுக்குச் சிறுநீரகமும் கெட்டது. 'அலபாமா ராட்' என்று பெயரிட்டார்கள். பச்சைக்கறியில் இருந்த ஈ.கோலி கிருமியின் 'ஷிகா' நச்சுதான் காரணம் என்று சந்தேகித்தார்கள். இந்த நச்சு நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவரை அரிக்கும். சிறுநீரகமோ அப்படிப்பட்ட குழாய்களால் ஆனது.

இன்னொரு கிருமி சால்மொனெல்லா. 2006-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பச்சைக்கறி கொடுத்த கிரேஹவுண்ட் வளர்ப்புக் கூடத்தில் எடுத்த மல மாதிரிகளில் நூற்றுக்கு 93-ல் இது இருந்தது. நாய் திடமாகவே தெரியும். ஆனால் அதன் மலத்தில் கிருமி இறங்கிக்கொண்டே இருக்கும். அதைச் சுத்தம் செய்பவர் கைக்கும், நாயோடு கொஞ்சும் குழந்தை வாய்க்கும் எவ்வளவு தூரம்?

"ஃபிரிட்ஜில்தானே வைக்கிறோம்?" என்பீர்கள். குளிர் கிருமியைத் தூங்க வைக்கும், கொல்லாது. முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேலேதான் ஒட்டியிருக்கும். அரைத்தாலோ உள்ளே வரை கலந்துவிடும். அரைத்த கறி நடுப்பகுதி வரை 71 டிகிரி செல்சியஸ் சூடாக வேண்டும். 1993-ல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத ஹாம்பர்கர் தின்று 4 குழந்தைகள் இறந்தார்கள். அதற்குக் காரணமும் ஷிகா நச்சை உண்டாக்கும் ஈ.கோலிதான்.

ஆகவே வீட்டு நாய்க்கும் கறியை நன்றாக வேக வைத்தே போடுங்கள். உப்பு, மசாலா, வெங்காயம் வேண்டாம். வெந்த எலும்பும் வேண்டாம். சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். பச்சைக்கறி வெட்டிய பலகையில் காய் நறுக்காதீர்கள். நாயின் தட்டைத் தனியாகக் கழுவி, கையைச் சோப்புப் போட்டுத் தேயுங்கள்.

கடைசியாக ஒன்று. குழந்தைக்கு ரத்தத்தோடு கழிச்சல் போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ, முகம் வெளுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நீங்களாக மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். சித்த மருத்துவன் நான் சொல்கிறேன்: இதற்குக் கஷாயம் காய்ச்சிக்கொண்டு காத்திருக்கக் கூடாது.