எத்தனை தையல்?

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவரைப் பார்க்க ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருகிறவர்கள் புதுக்கோட்டைப் பக்கம் முதலில் கேட்பது இதைத்தான். பித்தப்பைக் கல்லுக்கு வலது விலாவின் கீழே ஒரு சாண் நீளம் கிழித்த காலத்தில், சொல்லிக்கொள்ள ஓர் எண் இருந்தது. கறுப்புப் பட்டு நூலோ நைலானோ போட்டு இழுத்து முடிவார்கள். ஏழு முதல் பத்து நாளுக்குள் 'தையல் பிரிக்க' மறுபடி பெரியாஸ்பத்திரி. கறம்பக்குடியிலிருந்தோ மணமேல்குடியிலிருந்தோ பஸ் ஏற வேண்டும். துணைக்கு வருபவருக்கும் அன்றைய கூலி போச்சு. ஆறியபின் வயிற்றில் பூரான் படுத்ததுபோல் தழும்பு.

1985-ல் ஜெர்மனியில் அறுவை மருத்துவர் எரிக் மூஹே பித்தப்பையைத் துளை வழியே எடுத்தார். 1990-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டெஹம்டன் உத்வாடியா. புதுக்கோட்டைக்கு 2017-ல் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. இன்று பித்தப்பைக்கு மூன்று நான்கு துளைகள் போதும்: பெரியது 10 மில்லிமீட்டர், சின்னது 5.

இவ்வளவு சின்ன வாயை எதைக்கொண்டு மூடுவது? தோலுக்கடியில் ஓடும் கரையும் நூல், ஸ்டேப்ளர், பேப்பர் பிளாஸ்திரி, பசை என்று வழிகள் பல. பசை, நம் வீட்டு ஃபெவிக்விக்கின் பங்காளி (அதை எடுத்துப் புண்ணில் வைத்துவிடாதீர்கள்). சயனோஅக்ரிலேட் என்ற அந்தக் குடும்பம் 1942-ல் வேதியியலாளர் ஹாரி கூவர் கையில் ஒட்டியது. தோலுக்கான வகைக்கு அமெரிக்கா 1998-ல் அனுமதி தந்தது. தையல் பிரிக்கும் பஸ் பயணம் மிச்சம். ஆனால் 2014-ல் காக்ரேன் குழு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, புண் வாய் பிளப்பது தையலில்தான் குறைவு. தழும்பின் அழகில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

என்னைக் கேட்டால், மேல்தோலைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறோம். 10 மில்லிமீட்டர் துளையில் தோலுக்கடியிலுள்ள கெட்டியான சவ்வைத் தைக்காமல் விட்டால், பின்னாளில் அங்கே குடல் பிதுங்கலாம். கருவிகளைச் சரியாகக் கிருமி நீக்காவிட்டால், ஆறிய துளை வாரங்கள் கழித்துச் சீழ் வைக்கும். இரண்டையும் எந்தப் பசையும் தடுக்காது. தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டு வாடிவாசலில் மாட்டுக் கொம்பு கிழித்த தொடைக்கும் பசை ஆகாது. ஆழக் கழுவி, நூல்தான்.

பசை போட்டிருந்தால் இன்னொன்று. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துக்கொண்டு வரும் அப்பத்தாவைத் தடுத்தாக வேண்டும். எண்ணெயும் களிம்பும் பட்டால் பசை இளகிவிடும். சும்மா விட்டால் ஐந்து முதல் பத்து நாளில் தானே உரியும்.