காய்ச்சலுக்கு இன்று எத்தனையாவது நாள்?

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் தமிழ்நாட்டின் ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் கூட்டம் சேர்ந்துவிடும். காய்ச்சல் கண்ட அன்றே டெங்கு டெஸ்ட் எடுத்து, மாலைக்குள் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் சொந்தபந்தங்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதில் என்எஸ்1, ஐஜிஎம், ஐஜிஜி என மூன்று வரிகள் இருக்கும். கொரோனா காலத்தில் பழகிய கண்கள் ‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’ என்ற சொல்லை மட்டும் தேடுகின்றன. காய்ச்சலின் எத்தனையாவது நாளில் ரத்தம் எடுத்தார்கள் என்பதைச் சேர்த்துப் பார்க்காவிட்டால், அந்த மூன்று வரிகளும் பாதிச் சேதிதான்.

ஒட்டுவாரொட்டி அல்ல

டெங்கு தொற்றுநோய்தான், ஆனால் தொட்டாலோ தும்மினாலோ பரவாது. வைரஸை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கொண்டுபோவது, பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு. கடித்தபின் பெரும்பாலும் 4 முதல் 10 நாட்களுக்குள் காய்ச்சல் வரும். இந்த இடைவெளிக்கு நோயரும்பு காலம் என்று பெயர். தொற்று ஏற்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாமல் போய்விடும். அவர்கள் உடலில் தொற்று உண்டு, நோய் இல்லை.

நோயாளியின் தட்டையும் டம்ளரையும் ஒதுக்கிவைப்பதால் பயனில்லை. பகலிலும் அவரைக் கொசுவலைக்குள் படுக்கவைப்பதால் பயனுண்டு. காய்ச்சல் நாட்களில் அவரைக் கடிக்கும் கொசுதானே அடுத்த வீட்டுக்கு வைரஸைக் கொண்டுபோகிறது?

வைரஸின் தடயம், உடலின் பதில்

என்எஸ்1 என்பது டெங்கு வைரஸ் நம் செல்களுக்குள் பெருகும்போது ரத்தத்தில் கலக்கும் ஒரு புரதம். இப்படி நோய்க்கிருமிக்கு உரிய பொருளை ஆன்டிஜென் என்கிறார்கள். காய்ச்சலின் முதல் நாளிலிருந்தே இதைக் கண்டுபிடிக்கலாம். சுமார் ஐந்தாம் நாளுக்குப் பிறகு குறையத் தொடங்கும்.

மற்ற இரண்டும் ஆன்டிபாடிகள், அதாவது கிருமியை எதிர்க்க நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருட்கள். ஐஜிஎம் தெரியவர நான்கைந்து நாட்களாகும். இரண்டாம் நாளில் ஐஜிஎம் மட்டும் பார்த்துவிட்டு “டெங்கு இல்லை” என்று நிம்மதி அடைந்தால் அது அவசரம். வந்த ஐஜிஎம் இரண்டு மூன்று மாதம் ரத்தத்தில் தங்கவும் செய்யும். நவம்பரில் பாசிட்டிவ் காட்டுவது செப்டம்பரில் வந்துபோன டெங்குவாகவும் இருக்கலாம். இப்போதைய காய்ச்சலுக்குக் காரணம் வேறாக இருக்கலாம்.

ஐஜிஜி என்னும் பழங்கணக்கு

அதிகம் பேரைப் பதறவைப்பது ஐஜிஜி. இது பல ஆண்டுகள் ரத்தத்தில் நீடிக்கும். இது மட்டும் பாசிட்டிவ் என்றால், பெரும்பாலும் என்றோ டெங்கு வந்துபோயிருக்கிறது என்றுதான் பொருள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸும் டெங்குவின் குடும்பத்தைச் சேர்ந்ததால், அதற்கு எதிராக உண்டான ஐஜிஜியும் சில நேரம் டெங்கு சோதனையில் பாசிட்டிவாக வரும்.

அதற்காக அந்த வரியை அலட்சியப்படுத்தவும் முடியாது. டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒன்று வந்துபோனால் அந்த வகைக்கு மட்டுமே நீடித்த பாதுகாப்பு. பிறகு வேறொரு வகை தொற்றினால், பழைய ஆன்டிபாடிகளே வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவி, நோய் கடுமையாகும் அபாயம் அதிகரிக்கிறது.

இதைப் பிலிப்பைன்ஸ் பெரும் விலை கொடுத்து அறிந்தது. அங்கே 2016இல் தொடங்கிய திட்டத்தில் 8 லட்சத்துக்கும் அதிகமான சிறுவர்களுக்கு டெங்வாக்சியா தடுப்பூசி போடப்பட்டது. அதுவரை டெங்கு வராதவர்களுக்கு இந்த ஊசி போட்டால், பின்னர் தொற்று வரும்போது நோய் கடுமையாகக்கூடும் என்று 2017 நவம்பரில் தயாரிப்பு நிறுவனமான சனோஃபியே அறிவித்தது. அவர்களுக்கு ஊசியே முதல் தொற்றைப் போல ஆகிவிடுவதாகக் கருதப்படுகிறது. திட்டம் நிறுத்தப்பட்டது. முன்பே டெங்கு வந்திருக்கிறதா என்று ரத்தத்தைச் சோதித்த பிறகே ஊசி போட வேண்டும் என்பது அடுத்த ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையானது. சோதித்தது ஐஜிஜியைத்தான்.

கார்டும் எலிசாவும்

சிறு அட்டையில் சில துளி ரத்தம் விட்டு, கால் மணி, அரை மணியில் கோடு விழுகிறதா என்று பார்ப்பது ‘கார்டு டெஸ்ட்’. எலிசா என்னும் ஆய்வகச் சோதனையில் 96 குழிகள் கொண்ட தட்டில் ஏற்படும் நிறமாற்றத்தைக் கருவி அளக்கும். அதற்குச் சில மணி நேரமாகும். மாதிரிகள் சேரும்வரை காத்திருந்து மொத்தமாகச் செய்யும் இடங்களில் முடிவு மறுநாள்தான்.

தாமதத்துக்குத் தக்க பலன் உண்டு. நல்ல சோதனை நோயுள்ளவரைத் தவறவிடக் கூடாது. நோயில்லாதவரை நோயாளியாக்கவும் கூடாது. இந்த இரண்டிலுமே பல கார்டுகள் எலிசாவைவிடப் பின்தங்கியவை. அதனால்தான் தேசிய வழிகாட்டுதல் ஐந்து நாள் வரை என்எஸ்1 எலிசா, அதன் பிறகு ஐஜிஎம் எலிசா என்று வகுத்திருக்கிறது. ஆர்டி-பிசிஆர் வைரஸின் மரபுப்பொருளையே தேடும்; நான்கில் எந்த வகை என்றும் சொல்லும். வகை தெரிவதால் சிகிச்சை மாறாது என்பதால் எல்லோருக்கும் அது தேவைப்படுவதில்லை.

தட்டணுக் கவலை

டெங்கு உறுதியானதும் வீட்டில் எல்லோரும் “கவுன்ட் எவ்வளவு?” என்றே கேட்கிறார்கள். ரத்தத் தட்டணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருப்பது இயல்பு. மருத்துவர் அதோடு சேர்த்து ரிப்போர்ட்டில், ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதத்தைக் காட்டும் பிசிவி என்ற வரியையும் கவனிப்பார். ரத்தக்குழாயிலிருந்து நீர்மம் கசிந்தால் ரத்தம் கெட்டியாகும், பிசிவி ஏறும். 40 இருந்தது 48 ஆனால், 20 சதவீத உயர்வு. அது அபாய அறிவிப்பு.

இந்தக் கசிவு பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே, காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் தொடங்குகிறது. உடம்பு சுடவில்லையே என்று பள்ளிக்கு அனுப்பிவிடும் நேரமும் அதுவே. அந்த நாட்களில் கடும் வயிற்றுவலி, அடங்காத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி, அமைதியின்மை ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலுக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுபுரூஃபென் இரண்டும் ரத்தக்கசிவுக்கு வழிவகுக்கும் என்பதால், டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை அவற்றைத் தவிர்க்க வேண்டும்.