தோட்டத்து வீட்டில் துப்பாக்கி

மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி வட்டாரங்களில் ஊரை விட்டு விலகி, பம்புசெட் அருகே வீடு கட்டிக் குடியிருக்கும் விவசாயிகள் உண்டு. பயிர்க்காவலுக்கு உரிமம் பெற்ற துப்பாக்கியை, இரவில் வரும் திருடனிடம் காட்டலாமா?

காட்டலாம், நிலைமையைப் பொறுத்தது. 1.7.2024 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைக் கூறுகின்றன. இருட்டிய பின் கதவை உடைத்து நுழைபவன், கொள்ளையடிக்க வருபவன், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பவன் ஆகியோரைத் துப்பாக்கியைக் காட்டி விரட்டுவது குற்றமாகாது. வேறு வழியின்றிச் சுட்டு உயிர்ச்சேதம் நேர்ந்தாலும் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. ஆனால் வெறுங்கையோடு ஓடுபவனை முதுகில் சுட்டால் அப்பாதுகாப்பு கிடையாது. பகலில் தேங்காய் திருடுபவனைப் பிடிக்கலாம், விரட்டலாம். உயிர் போகும்படி சுடக்கூடாது.

திருடனைவிட எனக்குக் கவலை தருவது பங்காளிச் சண்டைதான். வரப்புத் தகராறிலும் வாய்க்கால் முறைத் தண்ணீர்த் தகராறிலும் காவல் நிலையம் செல்ல அவகாசம் இருக்கிறது. அங்கே துப்பாக்கியை நீட்டிக் "கொன்றுவிடுவேன்" என்றால் 351-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கியை வைத்திருப்பதே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். மருந்து கிட்டித்துச் சுடும் பழைய துப்பாக்கிக்கும் இது பொருந்தும். திருடன் வந்தான் என்பது அதற்குச் சமாதானமாகாது.

உரிமத்தில் குறித்த எல்லைக்கு வெளியே துப்பாக்கியை எடுத்துச் செல்லாதீர்கள். குண்டை நீக்கி, குழந்தைகள் கைக்கு எட்டாதவாறு பூட்டி வையுங்கள். உரிமக் காலம் முடியுமுன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்துப் புதுப்பித்துக்கொள்ளவும்.