தெரியுமா? பாதியில் நிற்பதே இங்கே தொழில்!

நீல நிறத்தில் மாடு கிடையாது. நீல நிறத்தில் மாட்டுத் தோல் உண்டு, தெரியுமா? வேலூர் வட்டாரத்தில் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, எங்கே வேண்டுமானாலும் தோல் பதனிடும் ஒரு டேனரிக்குள் போய்ப் பாருங்கள். ஆள் உயரத்தை விடப் பெரிய மர டிரம் உருண்டுகொண்டிருக்கும். கதவைத் திறந்ததும் சொட்டச் சொட்ட வந்து விழுகிற தோல் அத்தனையும் வெளிர் நீலம்! சாயமே போடவில்லை. எல்லாம் குரோமியம் செய்கிற வேலை.

சுண்ணாம்பிலும் சல்பைடிலும் ஊறி முடி கழன்ற தோலுக்கு முதலில் உப்பும் அமிலமும் கொடுத்துப் புளிப்பு ஏற்றுகிறார்கள். அப்புறம் குரோமியம் சல்பேட். அது உள்ளே இறங்கியதும் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் புளிப்பைத் தணிக்க, குரோமியம் நாரோடு நாராகப் பிடித்துக்கொள்கிறது. இதுதான் வெட் புளூ. இது பச்சைத் தோலும் இல்லை, ஷூ தைக்கிற தோலும் இல்லை. இனி அழுகாது, ஆனால் அப்படியே எதற்கும் உதவாது!

பதம் வந்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா? ஒரு சின்னத் துண்டை வெட்டி, காகிதத்தில் வைத்து, சுற்றிப் பேனாவால் கோடு போடுகிறார்கள். துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுச் சில நிமிடம் கழித்து எடுத்து மறுபடி அதே கோட்டுக்குள் வைக்கிறார்கள். கச்சிதமாகப் பொருந்தினால் பாஸ். சுருங்கியிருந்தால் டிரம் இன்னும் சுற்ற வேண்டும். பச்சைத் தோலாக இருந்தால் 60 டிகிரி சொச்சத்திலேயே சுருண்டுபோகும்!

வெட் புளூவை மறுபடி பதனிட்டு, நிறமும் எண்ணெயும் ஏற்றி உலர்த்தினால் கிரஸ்ட். அதுவும் அரைப் பண்டம்தான். மேல் பூச்சு பாக்கி. அந்தப் பூச்சும் முடிந்து ஷூ கம்பெனிக்குப் போனால், அங்கே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தைப்பது பெரும்பாலும் முழு ஷூவை அல்ல, அப்பரை. அடிப்பாகம் இல்லாத மேல்பாகம் மட்டும்! அதுவும் கப்பல் ஏறும்.

குரோமியம் வருவதற்கு முன்னால்? ஆவாரம் பட்டை. நம் வேலியோரத்தில் மஞ்சள் மஞ்சளாய்ப் பூக்குமே, அதே ஆவாரைதான். அந்தப் பட்டைச் சாற்றில் ஊறிய தோல் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரில் அரைகுறைப் பதத்திலேயே சீமைக்குப் போனது. மெருகேற்றுவது அங்கே; லாபமும் அங்கே. போன மாட்டுத் தோலில் பெரும்பகுதி கன்றுத் தோலும் இல்லை, பெரிய மாட்டுத் தோலும் இல்லை. இரண்டுக்கும் நடுவிலான அளவு. அதற்கு ‘கிப்’ என்று தனி ரகமே வைத்து உலகச் சந்தை வாங்கியது!

1972-ல் மத்திய அரசின் சீதாராமையா குழு வந்து, அரைப் பதத் தோலை இப்படி வாரி அனுப்பாதீர்கள், இங்கேயே முழுதாகச் செய்து விற்போம் என்றது. ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விழுந்தது. டேனரிகளுக்குப் பக்கத்திலேயே ஷூ கம்பெனிகள் பெருகின. 2025 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் என்ன நடந்தது தெரியுமா? வெட் புளூ இறக்குமதிக்கு அடிப்படைச் சுங்க வரியில் முழு விலக்கு. கிரஸ்ட் ஏற்றுமதிக்கு இருந்த 20 சதவீத வரியும் ரத்து. அனுப்பாதே என்று சொன்ன அதே டில்லி, அரை நூற்றாண்டு கழித்து, சின்ன டேனரிகளே, அனுப்பிப் பிழையுங்கள் என்கிறது!

சரி, தலைப்பாகையும் இல்லாத, தொப்பியும் இல்லாத ஒரு வஸ்து வேலூர்க் கோட்டையையே ரத்தக் களமாக்கியது தெரியுமா? 1805 நவம்பரில் மதராஸ் படைச் சிப்பாய்களுக்குப் புதிய தலையணி வந்தது. பேருக்குத் தலைப்பாகை, பார்த்தால் வெள்ளைக்காரன் தொப்பி, முகப்பில் தோல் குஞ்சம் வேறு. எந்த மிருகத்தின் தோல்? பசுவா, பன்றியா? இந்துவுக்கு ஒரு சந்தேகம், முஸ்லிமுக்கு ஒரு சந்தேகம். போதாததற்கு நெற்றிக் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்று ஆர்டர் மேல் ஆர்டர். 1806 மே மாதம் போட மாட்டோம் என்று மறுத்தவர்களில் இருவருக்கு, ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம், ஆளுக்கு 900 கசையடி விதித்தார்கள். ஜூலை 10 விடியும் முன்னே வெடித்தது புரட்சி. நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பியச் சிப்பாய்கள் மாண்டார்கள். திப்புவின் பிள்ளைகள் சிறையிருந்த அந்தக் கோட்டையில் மைசூர்க் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு பாய்ந்து வந்த கில்லெஸ்பி அன்றைக்கே கோட்டையைப் பிடித்து, நூற்றுக்கணக்கான சிப்பாய்களைக் கொன்று குவித்தார். பிறகு? ஆர்டர் வாபஸ்! கவர்னர் பென்டிங்கையும் தளபதி கிராடக்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. 1857-க்கு 51 வருடம் முன்னால், ஒரு தோல் குஞ்சத்தில் தொடங்கியது இவ்வளவும்.

கடைசி ஸ்டேஷனாகப் பிறந்து நடு ஸ்டேஷனாகிப் போனது எது தெரியுமா? வாலாஜா ரோடு! 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கே வந்துதான் நின்றது. பிறகு தண்டவாளம் மேற்குக் கரை வரை ஓடிவிட்டது. இன்று பெங்களூர் போகிற எத்தனையோ ரயில்கள் அங்கே நிற்பதே இல்லை.

சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு. வேலூரைப் பற்றிய பழைய கிண்டல் இது. இதில் முதல் குறை 1981-லேயே தீர்ந்துவிட்டது: சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் கொண்டுவந்து வைத்தார்கள். ஆறு விஷயத்தில் கிண்டல் பாதிதான் உண்மை. நந்தி மலையில் பிறந்து, கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடும் பாலாறு, வருடத்தில் பெரும்பகுதி மேலே மணல், கீழே நீர். அந்த அடிநீரில்தான் ஊரும் வயலும் பிழைத்தன. டேனரிக் கழிவு இறங்கியதும் அங்கேதான். அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள்: கெடுத்தவனே செலவைக் கொடு! ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். இப்போது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவுநீரை வடித்து, காய்ச்சி, தண்ணீரைத் திருப்பி எடுக்கின்றன. மிஞ்சுவது ஒரு கலப்பு உப்பு. விற்கவும் முடியாது, கொட்டவும் கூடாது. ஷெட்டுகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது.

குரோமியத்துக்கு இரண்டு முகம் உண்டு தெரியுமா? தோலைப் பதப்படுத்துவது மூன்று இணைதிறன் குரோமியம், ஒப்பீட்டளவில் சாது. அதுவே ஆறாக ஏறிவிட்டால் நீலம் மஞ்சளாகும், புற்றுநோய் தரும். மூடிப்போன ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்ற அந்த மஞ்சள் கழிவு ராணிப்பேட்டையில் லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்தது. ஐரோப்பாவுக்குப் போகிற ஷூவின் தோலில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடவே கூடாது. 2015 மே முதல் சட்டம்.

இனி ஒரு நல்ல சேதி. தொழுநோயில் நடுத்தரம் என்று ஒன்று உண்டு. ரிட்லியும் ஜாப்ளிங்கும் 1966-ல் நோயை ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். நடுப்படியில் இருப்பவர் இந்தப் பக்கமும் சாயலாம், அந்தப் பக்கமும் சாயலாம்! 1948-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்திய பால் பிராண்ட், அப்புறம் காலைக் கவனித்தார். உணர்ச்சியற்ற பாதத்துக்குக் கெட்டிச் செருப்பு புண் உண்டாக்கும். மெத்தென்ற ஸ்பாஞ்சோ நாலே நாளில் நசுங்கிவிடும். கெட்டியும் அல்லாமல், மெத்தும் அல்லாமல், ஷோர் என்ற கடினத்தன்மை அளவுகோலில் ஏறக்குறைய 15-ல் இருக்கும் மைக்ரோசெல்லுலார் ரப்பர்தான் விடை. வேலூரிலும் கரிகிரியிலும் வளர்ந்த அந்த எம்.சி.ஆர். செருப்பு எத்தனை ஆயிரம் கால்களைக் காப்பாற்றியதோ! இந்த வட்டாரத்தின் எல்லா ஷூக்களையும் விட அதற்குத்தான் என் ஓட்டு.

வட வானத்துக்கும் தென் வானத்துக்கும் நடுவே, ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலைக் காவலூரில் துருவ நட்சத்திரத்தையும் தெற்குச் சிலுவையையும் ஒரே இடத்திலிருந்து பார்க்கலாம் தெரியுமா? பன்னிரண்டரை டிகிரி அட்சரேகையின் பரிசு அது. வானியல் அறிஞர் வைணு பாப்பு வானாய்வகத்துக்கு அந்த இடத்தைத் தேர்ந்ததில் இதுவும் ஒரு காரணம். 1977 மார்ச் 10-ல் யுரேனஸின் வளையங்களைக் காட்டிக்கொடுத்த வான் ஆய்வில் காவலூருக்கும் பங்கு உண்டு.

ஆம்பூர்க்காரர் யாருக்கு ஓட்டுப் போடுகிறார்? 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது கலெக்டர் ஆபீஸ் திருப்பத்தூருக்குப் போய்விட்டது, எம்.பி. ஓட்டு மட்டும் இன்னும் வேலூருக்குத்தான்!

பிரியாணியைச் சொல்லாமல் ஆம்பூரை எப்படி முடிப்பது? அதன் ரகசியமும் அரைவேக்காடுதான். ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுதில் கறி ஒரு பக்கம் வேக, சீரகச் சம்பாவைத் தனியாகக் கொதிக்கவிட்டு, முழுக்க வேகுமுன்னே வடித்துக் கறியின் மேல் கொட்டி, மூடி மேல் தணல் போட்டு தம் வைக்கிறார்கள். மிச்ச வேக்காடு ஆவியில். வடிப்பதில் கொஞ்சம் தாமதித்தால் குழைந்துபோகும், முந்தினால் நறுக்கரிசி. கடிகாரம் பார்க்காமல் இரண்டு பருக்கையை விரலில் நசுக்கிப் பார்த்தே மாஸ்டர் முடிவு செய்வார். தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய், அது 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயாகக் கிடைத்தால் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.