கல்யாணமும் கோயில் கட்டளையும்: உங்களுக்குத் தெரியுமா?

முதல் போப்பாண்டவர் என்று கத்தோலிக்கர்கள் கொண்டாடும் பேதுருவுக்கு மாமியார் உண்டு! காய்ச்சலில் கிடந்த அந்த அம்மாவை இயேசு கைபிடித்துத் தூக்கிவிட்டது மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்திலேயே வருகிறது. மாமியார் இருந்தால் மனைவி இல்லாமலா!

அப்பாவும் போப், பிள்ளையும் போப்! குருவாவதற்கு முன்பே மணமானவர் ஹோர்மிஸ்தாஸ். 514-ல் போப் ஆனார். மகன் சில்வேரியுஸ் 536-ல் அதே நாற்காலியில்! இருவருமே இன்று புனிதர்கள்!

குருவானபின் செய்யும் கல்யாணம் செல்லவே செல்லாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் லாத்தரன் சங்கம் அடித்துச் சொன்ன ஆண்டு 1139!

கேரளத்துக்கு அந்தக் கட்டளை வந்து சேர 460 வருஷம் ஆயிற்று! 1599-ல் உதயம்பேரூரில் கூடிய சங்கத்தில், மணமான கத்தனார்கள் (குருக்கள்) மனைவியைப் பிரிய வேண்டும் என்று தீர்ப்பு! கூட்டியவர் கோவாவின் போர்த்துக்கீசியப் பேராயர் மெனேசிஸ்!

ஒரு காலத்தில் கல்யாணத்துக்குப் பாதிரியாரே தேவையில்லை! பையனும் பெண்ணும் ஒருவருக்கொருவர் “சம்மதம்” என்று சொன்னால் போதும், திருமணம் செல்லும். சாட்சி கிடையாது, கோயில் கிடையாது. “நான் எப்போது சொன்னேன்?” என்று ஆண் கைவிரித்தால் அந்தப் பெண்ணின் கதி? 1563-ல் திரெந்து சங்கம் அதற்குக் கடிவாளம் போட்டது. பங்கு குரு கட்டாயம்! சாட்சிகள் குறைந்தது 2 பேர்!

நம்மூர்க் கோயிலில் கல்யாணத்துக்கு முன் “ஓலை வாசித்து” அதை அறிவிக்கிறார்கள் அல்லவா? அந்த வழக்கத்தை மேற்கத்தியத் திருச்சபை முழுவதற்கும் சட்டமாக்கியது 1215-ஆம் ஆண்டு! வயது 800-ஐத் தாண்டிவிட்டது!

மீன் வியாபாரியின் மூடுவண்டியில் ஏறி மடத்திலிருந்து தப்பித்தார்கள் 12 கன்னியாஸ்திரீகள்! 1523, ஈஸ்டர் நேரம், ஜெர்மனி. அவர்களில் ஒருவரான காத்தரினாவை இரண்டே வருஷத்தில் கைப்பிடித்தவர், முன்னாள் துறவி மார்ட்டின் லூதர்! பிள்ளைகள் 6 பேர்!

இப்போது பாளையங்கோட்டைக்கு வாருங்கள். இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது! தஞ்சாவூர் மராத்திப் பிராமண விதவை கோகிலா. உடன்கட்டையிலிருந்து ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மீட்டார் என்று இன்றும் சொல்வார்கள். அவரோடு வாழ்ந்தார். ஞானஸ்நானம் கேட்டார். “தாலியில்லாமல் சேர்ந்து வாழ்கிறவருக்குக் கொடுக்க முடியாது” என்று மறுத்துவிட்டார் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர்! அதிகாரி இறந்தார். 1778-ல் அதே சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்து அதே கையால் ஞானஸ்நானம் கொடுத்தார். கோகிலா குளோரிந்தா ஆனார். 1780-ல் அந்தச் சபையில் 40 பேர். 1785-ல் கோயிலே கட்டிவிட்டார்! அதைப் பிரதிஷ்டை செய்தவரும் சுவார்ட்ஸ் ஐயர்தான்! வாசலில் நிறுத்தப்பட்ட பெண் எழுப்பிய கோயிலுக்கு ஊர் வைத்த பேர், பாப்பாத்தியம்மாள் கோயில்!

இந்தியக் கிறிஸ்தவக் கல்யாணத்துக்குக் கடிகாரமும் உண்டு! 1872-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுவான நேரம் காலை 6 முதல் மாலை 7 வரை!

மனைவி துரோகம் செய்தால் கணவனுக்கு விவாகரத்து. கணவன் துரோகம் செய்தால் மட்டும் போதாது, கூடவே கொடுமை, கைவிடல் போன்ற ஏதாவது இருந்தால்தான் மனைவிக்கு விவாகரத்து! கிறிஸ்தவ விவாகரத்துச் சட்டத்தில் 1869-ல் வந்த இந்த அநியாயம் திருத்தப்பட்டது 2001-ல். 132 வருஷம்!

அப்பா சொத்தில் மகனுக்குக் கிடைப்பதில் கால் பங்கு, அல்லது 5,000 ரூபாய். இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு! திருவிதாங்கூர் கிறிஸ்தவப் பெண்களுக்கு இருந்த சட்டம் இது. உச்ச நீதிமன்றப் படியேறி 1986-ல் அதைச் சாய்த்தவர் மேரி ராய்!

இரண்டாம் உலகப் போர்க்காலம். சீனக் கரையோர மக்காவ் நகரில் ஆங்கிலிக்கக் குரு ஒருவரும் இல்லை. நற்கருணை கொடுக்க ஆளில்லை. 1944 ஜனவரி 25-ல் லீ டிம்-ஓய் என்ற பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தே விட்டார் ஹாங்காங் பிஷப்! போர் முடிந்ததும் எதிர்ப்பு கிளம்ப, 1946-ல் அந்த அம்மா பணி உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார். இங்கிலாந்தில் முதல் பெண் குருக்கள் வந்தது எப்போது தெரியுமா? சரியாக 50 வருஷம் கழித்து, 1994-ல்! ஒரே நாளில் 32 பேர்!

பெண் பிஷப் விஷயத்திலோ லண்டனை நாம் முந்திவிட்டோம்! தென்னிந்தியத் திருச்சபையின் நந்தியால் பேராயராகப் புஷ்ப லலிதா பொறுப்பேற்றது 2013 செப்டம்பர். இங்கிலாந்துத் திருச்சபையின் முதல் பெண் பிஷப்? 2015 ஜனவரி!