தாழ்வான காரைத் தூக்கும் ட்ராலி ஜாக்கி: உயரம் குறைந்தால் அழுத்தம் கூடுவது ஏன்?

ஊரிகம்: காரின் ஒரு சக்கரம் பஞ்சராகிக் காற்று முழுவதும் வெளியேறிவிட்டால், வண்டியின் அந்த மூலை 6 முதல் 7 செ.மீ. வரை தரையை நோக்கி இறங்கிவிடுகிறது. வழக்கமாக 16 செ.மீ. இடைவெளியுடன் ஓடும் கார், ஜாக்கி தேவைப்படும் நேரத்தில் 10 செ.மீ. அளவுக்கே இடைவெளி விட்டு நிற்கிறது. ஆனால் பட்டறைகளில் பரவலாகக் காணப்படும் பாட்டில் ஜாக்கி, முழுமையாக இறக்கிய நிலையிலும் 18 முதல் 20 செ.மீ. உயரம் கொண்டது. அதை வண்டியின் அடியில் வைக்கவே முடியாது.

இந்தச் சிறிய இடைவெளிக்குள் நுழைவதற்காக உருவானதுதான் சக்கரம் பொருத்திய ட்ராலி ஜாக்கி. சாதாரண வகை ட்ராலி ஜாக்கிகளின் தாழ்ந்த உயரம் 13 செ.மீ. அளவில் இருக்கும். தாழ்வான வாகனங்களுக்கென வடிவமைக்கப்படுபவை 7.5 முதல் 9 செ.மீ. வரை இறங்குகின்றன. இந்த நான்கைந்து செ.மீ. வேறுபாட்டைப் பெறுவதற்கு, கருவியின் ஏறத்தாழ ஒவ்வொரு பாகத்தையும் புதிதாகக் கணக்கிட வேண்டியுள்ளது.

பெரும் எடையைத் தூக்குவது கோலார் தங்கவயலின் ஒரு பகுதியான ஊரிகத்துக்குப் புதிய வேலையன்று. 1880களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கு சுரங்கப் பணியைத் தொடங்கியது முதல், 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டது வரை, தமிழகத்தில் இருந்து குடியேறிய தொழிலாளர்களும் அவர்களது வழித்தோன்றல்களும் நிலத்துக்கடியில் இருந்து பாறையை மேலே அனுப்பிக்கொண்டிருந்தனர். இதே தங்கவயலில்தான், 1964ல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான பி.இ.எம்.எல்., புல்டோசர் உள்ளிட்ட கனரக இயந்திரங்களையும் அவற்றுக்கான ஹைட்ராலிக் பாகங்களையும் தயாரித்து வருகிறது. புல்டோசரின் மண் தள்ளும் அலகை உயர்த்தும் விதியும், பஞ்சர் கடையின் ஜாக்கியை இயக்கும் விதியும் ஒன்றே.

அந்த விதியைக் கண்டறிந்தவர் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல். மூடிய கலத்தில் உள்ள திரவத்தின் ஓரிடத்தில் செலுத்தப்படும் அழுத்தம், குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவுகிறது என்பது அதன் சாரம். அவர் மறைந்த பின் 1663ல்தான் இது குறித்த நூல் வெளியானது. விதி தெரிந்தும் அதைப் பயன்படுத்தும் கருவி உருவாக ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆனது. 1795ல் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா ஹைட்ராலிக் அழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பிஸ்டனின் ஓரத்தில் திரவம் கசிவதே அவருக்கு இருந்த பெரிய தலைவலி. அவரிடம் பணியாற்றிய ஹென்றி மாட்ஸ்லே, அழுத்தம் கூடும்போது தானே விரிந்து அடைத்துக்கொள்ளும் தோல் வளையத்தால் அதைத் தீர்த்தார் என்று கூறப்படுகிறது. 1851ல் நியூயார்க்கைச் சேர்ந்த ரிச்சர்ட் டட்ஜன், கையில் எடுத்துச் செல்லக்கூடிய ஹைட்ராலிக் ஜாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். தோல் வளையத்தின் இடத்தை இன்று செயற்கை ரப்பரால் ஆன ஆயில் சீல் பிடித்திருக்கிறது. ஜாக்கி தானாக இறங்குகிறது என்று மெக்கானிக்குகள் கூறும்போது, பெரும்பாலும் பழுதாகியிருப்பது இந்தச் சீல் அல்லது வால்வுதான்.

சிலிண்டரைப் படுக்க வைத்ததன் விளைவு

பாட்டில் ஜாக்கியில் சிலிண்டர் நிமிர்ந்து நிற்கிறது. பிஸ்டன் நேராக மேலெழுந்து சுமையைத் தாங்குகிறது. இது எளிமையானது, உறுதியானது. ஆனால் சிலிண்டரின் நீளம் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவுதான் பிஸ்டன் எழ முடியும். தாழ்வான காருக்காக 8 செ.மீ. உயரத்தில் ஒரு பாட்டில் ஜாக்கி செய்தால், அது சில செ.மீ. மட்டுமே தூக்கும். காரின் ஸ்பிரிங் விரிந்து முடிவதற்குள் ஜாக்கியின் பயணம் முடிந்துவிடும், சக்கரம் தரையை விட்டு எழவே எழாது.

எனவே ட்ராலி ஜாக்கியில் சிலிண்டரைப் படுக்க வைத்துவிட்டார்கள். பிஸ்டன் கிடைமட்டமாக நகர்கிறது. அதன் தள்ளுவிசையை மேல்நோக்கித் திருப்புவதற்கு, ஒரு முனையில் அச்சில் பூட்டப்பட்ட நீண்ட 'தூக்கு கை' உள்ளது. கையின் மறுமுனையில் இருக்கும் வட்டத் தட்டுதான் காரைத் தாங்குகிறது. அச்சுக்கு மிக அருகில் பிஸ்டன் தள்ளுகிறது, வெகு தொலைவில் சுமை அமர்ந்திருக்கிறது. பிஸ்டன் சிறிதளவு நகர்ந்தாலும் தட்டு நெடுந்தூரம் உயரும். உயரப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் நெம்புகோல் இலவசமாக எதையும் தருவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்க்கலாம். தூக்கு கையின் நீளம் 40 செ.மீ. என்றும், பிஸ்டன் தள்ளும் புள்ளி அச்சில் இருந்து 7 செ.மீ. தொலைவில் இருக்கிறது என்றும் கொள்வோம். கை கிடைமட்டமாக இருக்கும்போது, தட்டில் உள்ள 1 டன் சுமையை அசைக்க பிஸ்டன் ஏறத்தாழ 5.7 டன் விசையுடன் தள்ள வேண்டும். பிஸ்டனின் விட்டம் 48 மி.மீ. எனில், எண்ணெயின் அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு சுமார் 315 கிலோ.

இந்த அழுத்தம் எவ்வளவு பெரியது என்பதைத் தங்கவயல் மக்களுக்கு விளக்குவது எளிது. இங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர். அந்த ஆழம் முழுவதும் நீர் நிரம்பி நின்றால் அடித்தளத்தில் ஏற்படும் அழுத்தமும் கிட்டத்தட்ட இதே அளவுதான். ஆளின் முழங்காலுக்குக் கீழே படுத்திருக்கும் இரும்புக் குழாய்க்குள், ஒரு சுரங்கத்தின் ஆழம் அடைபட்டிருக்கிறது.

இத்தகைய விசையை மனிதக் கை எவ்வாறு தருகிறது? கைப்பிடி 60 செ.மீ. நீளமும், அது பம்பின் சிறு பிஸ்டனை அழுத்தும் பக்கம் 3 செ.மீ. நீளமும் கொண்டிருந்தால் விசை 20 மடங்காகிறது. சிறு பிஸ்டனின் விட்டம் 12 மி.மீ. எனில், 48 மி.மீ. பிஸ்டனின் பரப்பு அதைப்போல 16 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 320. கையால் சுமார் 18 கிலோ விசையில் அழுத்தினால் 5.7 டன் கிடைத்துவிடுகிறது. உராய்வுக்காக இன்னும் சற்றுக் கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கும். இதற்கு ஈடாகச் செலவாவது தூரம். சிறு பிஸ்டன் 2 செ.மீ. இறங்கினால் பெரிய பிஸ்டன் 1.25 மி.மீ. மட்டுமே நகரும், தட்டு 7 மி.மீ. உயரும். 37 செ.மீ. உயர்த்த ஐம்பது முறைக்கு மேல் கைப்பிடியை அடிக்க வேண்டும். சில ஜாக்கிகளில் இரண்டு பம்புகள் இருப்பது இதனால்தான். சுமை இல்லாதவரை இரண்டும் எண்ணெயைத் தள்ளித் தட்டை விரைவாகக் காரின் அடிப்பகுதிவரை கொண்டு செல்கின்றன.

தாழ்வான வடிவமைப்பின் உண்மையான சிக்கல் இனிமேல்தான் வருகிறது. ஜாக்கியின் உடல் உயரத்தைக் குறைக்க, பிஸ்டன் தள்ளும் புள்ளியை அச்சுக்கு நெருக்கமாகக் கொண்டுவர வேண்டும். 7 செ.மீ. தொலைவை 3.5 செ.மீ. ஆக்கினால் பிஸ்டனுக்குத் தேவைப்படும் விசை இரு மடங்காகிவிடும், அதே சிலிண்டரில் அழுத்தம் 630 கிலோவைத் தொடும். அதைக் குறைக்கச் சிலிண்டரைத் தடிமனாக்கினால், குறைத்த உயரம் திரும்ப வந்துவிடும். கையின் கதையும் இதுதான். ஓர் இரும்புப் பட்டையின் வளைவு தாங்கும் திறன், அதன் உயரத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. உயரத்தைப் பாதியாக்கினால் வலிமை கால் பங்காகிவிடும். எனவே தாழ்வான ஜாக்கியின் கைக்குக் கூடுதல் தடிமனோ, உயர்தர எஃகோ தேவை. 3 டன் திறன் கொண்ட தாழ்வான வகை ஜாக்கிகள் பல 30 கிலோவுக்கு மேல் எடை கொண்டிருப்பதும், விலை கூடுதலாக இருப்பதும் இதனால்தான்.

மேலும், கை கிடைமட்டத்தை ஒட்டிப் படுத்திருக்கும்போதுதான் சுமையின் திருப்புவிசை உச்சத்தில் இருக்கும். கை மேலெழ எழ அது குறைகிறது. ஆகவே கருவி அதிகம் உழைப்பது, கார் உச்சத்தில் நிற்கும்போது அன்று, தூக்கத் தொடங்கும் கட்டத்தில்தான்.

சக்கரம் எதற்கு?

ஜாக்கியை எளிதாக உருட்டிச் செல்வதற்கே சக்கரங்கள் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது பாதி உண்மை. தூக்கு கையின் முனை நேர்கோட்டில் உயர்வதில்லை, வட்டத்தின் ஒரு பகுதியாக வளைந்து செல்கிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் தட்டு 37 செ.மீ. உயரும்போது, அச்சை நோக்கி ஏறக்குறைய 13 செ.மீ. பின்வாங்கிவிடும். கார் நகராமல் நிற்க வேண்டுமானால், அந்த 13 செ.மீ. தூரத்தை ஜாக்கிதான் உருண்டு ஈடுகட்ட வேண்டும். சுமையின்கீழ் ஜாக்கி மெல்ல நகர்வது பழுதன்று, வடிவமைப்பின் ஒரு பகுதி.

இதை அறியாமல் ஜாக்கியின் சக்கரங்களுக்குக் கல் வைத்து அடைப்பது ஆபத்தானது. கல் வைக்க வேண்டியது காரின் சக்கரங்களுக்கு, அதுவும் தரையிலேயே இருக்கப்போகும் முனையின் சக்கரங்களுக்கு. காரும் நகராமல் ஜாக்கியும் நகராமல் நின்றுவிட்டால், தட்டு காரின் அடிப்பகுதியில் இருந்து வழுக்கி வெளியேறும். மண் தரையில் நிகழ்வதும் இதுவே. தாழ்வான ஜாக்கியின் முன்சக்கரங்கள் மிகச் சிறியவை என்பதால் மண்ணில் எளிதில் புதைந்துவிடும். அகலமும் உறுதியும் கொண்ட சமதளப் பலகையின்மேல், உருள இடம் விட்டு ஜாக்கியை வைப்பது பட்டறைகள் கடைப்பிடிக்க வேண்டிய முறை.

கை சாயும்போது தட்டும் சாய்ந்துவிடாதா என்ற கேள்வி எழலாம். கைக்கு இணையாக ஓடும் மெல்லிய கம்பிகள் ஓர் இணைகரமாக அமைந்து தட்டை எப்போதும் கிடைமட்டமாக வைத்திருக்கின்றன. பழைய ஜாக்கிகளில் இக்கம்பி வளைந்திருந்தால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

பெட்டியில் அச்சிடப்பட்ட எண்

இந்திய சாலை காங்கிரஸின் 1988ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, பொதுச் சாலையின் வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டிருக்க வேண்டும். தெருக்களில் அளவின்றி எழுப்பப்படும் மேடுகளைக் கடந்தவர்களுக்கு இந்த எண் வியப்பளிக்கக்கூடும். இந்தியாவில் விற்கப்படும் பெரும்பாலான கார்கள் 16 செ.மீ.க்குக் குறையாத இடைவெளியுடன் வருவதற்கு நம் சாலைகளே காரணம். பந்தயக் கார்களை ஒத்த சொகுசு வண்டிகளில் இது 10 முதல் 13 செ.மீ. ஆகக் குறைகிறது.

வாங்குபவர்கள் பெட்டியில் உள்ள 'குறைந்தபட்ச உயரம்' என்ற எண்ணை மட்டுமே பார்க்கின்றனர். அது தட்டு இருக்கும் இடத்தின் உயரம் மட்டுமே. தட்டில் இருந்து 40 செ.மீ. பின்னால், அச்சு இருக்கும் இடத்தில் ஜாக்கியின் உடல் 15 செ.மீ. உயரம் இருக்கலாம். காரின் முன்பக்கம் வழியாகத் தட்டை 60 செ.மீ. உள்ளே செலுத்த வேண்டியிருந்தால், தட்டு நுழைந்துவிடும், உடல் பம்பரில் முட்டிக்கொள்ளும். தாழ்ந்த பகுதி எவ்வளவு நீளம் என்பதையும் கேட்டு வாங்குவதே சரி. தட்டின்மேல் ரப்பர் திண்டு வைத்தால் மேலும் ஒன்றிரண்டு செ.மீ. கூடிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ரப்பர் திண்டைத் தவிர்ப்பதும் தீர்வாகாது. காரின் பக்கவாட்டு அடிவிளிம்பில், தூக்குவதற்கென வலுவூட்டப்பட்ட இடங்களில் மட்டுமே ஜாக்கியைப் பொருத்த வேண்டும். மின்சாரக் கார்கள் பலவற்றில் தரைத்தளம் முழுவதும் மின்கலத் தொகுப்பு பரந்திருப்பதால், சில செ.மீ. தவறினாலும் அதன் உறை நசுங்கும்.

ஜாக்கியின் திறன் 2 டன்னாக இருந்தாலும் 3 டன்னாக இருந்தாலும், அதை மட்டுமே நம்பிக் காரின் அடியில் ஒருவர் படுக்கக் கூடாது. ஜாக்கி தூக்குவதற்கான கருவி, தாங்கி நிற்பதற்கானது அன்று. தூக்கிய பின் காரின் எடையை இரும்பு ஸ்டாண்டுகளின்மேல் இறக்கிவிட வேண்டும். 315 கிலோ அழுத்தத்தைத் தடுத்து நிறுத்துவது ஒரு ரப்பர் வளையமும், சிறு இரும்புக் குண்டு அமர்ந்திருக்கும் வால்வும்தான். அந்தக் குண்டின் அடியில் ஒரு துகள் அழுக்கு சேர்ந்தாலே எண்ணெய் கசியத் தொடங்கும். பஞ்சர் ஒட்டும் சில நிமிடங்களுக்குள் கைகால்களைக் காரின் அடியில் நீட்டாமல் வேலையை முடிக்கலாம், சைலன்சர் கழற்றும் வேலையை அவ்வாறு செய்ய இயலாது. ஸ்டாண்டின் விலை ஜாக்கியின் விலையோடு ஒப்பிட்டால் சிறிது. ஆயினும் சாலையோரப் பட்டறைகளில் அதற்குப் பதிலாக செங்கல்லோ கான்கிரீட் கல்லோ வைக்கப்படுவதைக் காண முடிகிறது. அவை எச்சரிக்கையின்றி ஒரே நொடியில் நொறுங்கக்கூடியவை.

பராமரிப்பில் அடிக்கடி நேரும் தவறு, எண்ணெய் குறைந்ததும் கையில் கிடைக்கும் பிரேக் ஆயிலை ஊற்றுவது. கிளைக்கால் வகை பிரேக் திரவம், ஜாக்கியில் பொதுவாக உள்ள ரப்பர் சீல்களை ஊறவைத்துக் கெடுத்துவிடும். தயாரிப்பாளர் குறிப்பிடும் ஹைட்ராலிக் எண்ணெயை மட்டுமே பயன்படுத்த வேண்டும். எண்ணெய் மாற்றிய பின் கைப்பிடி பஞ்சுபோல அழுந்தினால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது என்று பொருள். விடுவிப்பு வால்வைத் திறந்து வைத்து, சுமையின்றிப் பத்துப் பதினைந்து முறை பம்ப் செய்தால் காற்று வெளியேறிவிடும். அதன் பின்னும் சுமையுடன் தட்டு மெல்ல இறங்கினால், சீலையும் வால்வையும் மாற்றும்வரை அந்த ஜாக்கியைப் பயன்படுத்தாமல் ஒதுக்கி வைக்க வேண்டும்.