செருகு நிரலும் சிதைந்த ஒலியும்

லினக்ஸ் இயங்குதளத்தைக் கையாளுவோர் நெடுங்காலம் பட்ட இடர்களுள் ஒன்று, உலாவியிற் படம் ஓட ஒலி மட்டும் வாராதிருத்தலாம். வந்தாலும் கரகரத்துச் சிதைந்து வருதலாம். காரணத்தை ஆராய்வோர் முதற்கண் செய்யத்தக்கது, உலாவியை விடுத்து வேறொரு நிரலிற் பாட்டொன்றை ஒலிக்கச் செய்து பார்த்தலே. அங்கும் ஒலி இல்லையெனின் குற்றம் கீழே உள்ளது: ஒலியட்டையை இயக்கும் அல்சாவிலோ, பல நிரல்களின் ஒலியையும் கலந்து வெளிவிடும் பல்ஸ் ஓடியோவிலோ, இந்நாளிற் பெரும்பாலும் அதன் இடத்தைப் பெற்றுள்ள பைப்வயரிலோ தேடுக. அங்கே ஒலி செவ்வனே கேட்குமாயின், உலாவியையோ அதனுட் செருகிய நிரலையோ ஐயுறல் வேண்டும்.

இம்முறை பெரும்பாலும் பயன்தரும். ஆயினும் 2010ஆம் ஆண்டு நிகழ்ந்த வழக்கொன்று அதற்கு அடங்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் பெடோரா 14 வெளிவந்தது. அதனை நிறுவியோர் சிலருக்கு அடோபி நிறுவனத்தின் பிளாஷ் என்னும் செருகு நிரலின் ஒலி மட்டும் சிதைந்து கேட்டது. ஏனைய நிரல்கள் நன்றாகவே ஒலித்தன. பிளாஷோ முந்திய பதிப்பிற் குறையின்றி ஓடிய அதே நிரல்.

வால்கிரைண்ட் என்னும் ஆய்வுக் கருவி உண்மையைக் காட்டிற்று. நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஜிலிப்சி என்னுந் தொகுதியிலே, நினைவகத்தில் ஓரிடத்துள்ளதை வேறோரிடத்திற் படியெடுக்கும் மெம்கொப்பி என்ற செயற்கூறு உண்டு. எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றன்மேலொன்று படிதலாகாது என்பது அதன் விதி. பிளாஷ் இவ்விதியை மீறியிருந்தது. நம் கல்லூரி மண்டபத்தில் ஒரு வரிசை மாணவர் இடப்புறமாக இரண்டிரண்டு கதிரை தள்ளி அமர்வதாகக் கொள்வோம். இடக்கோடியில் உள்ளவன் முதலில் நகர்ந்தால் எவர்க்கும் இடையூறில்லை. வலக்கோடியில் உள்ளவன் முந்தினாலோ பிறன் மடியிலன்றோ அமர்வான்! பழைய மெம்கொப்பி இடக்கோடியிலிருந்து தொடங்கியமையால் பிழை மறைந்திருந்தது. விரைவு கருதி எழுதப்பட்ட புதியது, சில செயலிகளில் வலக்கோடியிலிருந்து தொடங்கிற்று. ஒலித் துணுக்குகள் ஒன்றையொன்று அழித்தன.

குற்றம் யாருடையது? விதியை மீறியது பிளாஷே என்றனர் ஒரு சாரார். லினக்ஸ் கருவகத்தை ஆக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதற்கு உடன்படவில்லை. நேற்று ஒலித்தது இன்று ஒலியாவிடின், பயனருக்கு விதிநூலைக் காட்டுதல் மறுமொழியாகாது என்பது அவர் வாதம். நாமும் அவர் பக்கமே. மூல நிரல் வெளியிடப்படாத பிளாஷை அடோபியன்றிப் பிறர் திருத்தல் இயலாது. பொதுத் தொகுதியைத் திருத்துதலோ இயலும். அவர் வாதத்தோடு நில்லாது, முன்னதாக ஏற்றத்தக்க சிறு மாற்று நிரலொன்றையும் எழுதி அளித்தார்.

2011இல் வந்த ஜிலிப்சி 2.14 வழக்கைத் தீர்த்தது. பழைய நிரல்களுக்கு, இடங்கள் மேற்படியினும் பழுதின்றிப் படியெடுக்கும் செயற்கூறும், புதிதாக ஆக்கப்படுவனவற்றுக்கு விரைவான செயற்கூறும் ஒரே பெயரில் கிடைத்தன. பிளாஷுக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31இல் நிறுத்திவிட்டது. அதன்பொருட்டு வகுத்த அவ்வேற்பாடு ஜிலிப்சியில் இன்றும் உள்ளது.